மீந்தது எவ்வளவு என்று எழுதுங்கள்

கருங்கல் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். படிக்கிற புத்தகங்களையும் ராத்திரி வீட்டில் சமைப்பதையும் குறித்து வைக்க அவருக்கு ஆசை. மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும் ஒரு மாதத்துக்குள் நின்றுபோனதாம். நோட்டு நல்லதா, போன் நல்லதா? என்னதான் எழுத வேண்டும்? இரண்டையும் ஒரே இடத்தில் எழுதலாமா? கணவர் எடுத்துப் படித்தால் சங்கடமாக இருக்காதா?

நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி செவிலியர். அவளுக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் ராத்திரி அடுப்பு என் கையில். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை அத்தாழம் என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் 2004இல் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் தலைப்பாக எழுதினேன். இப்போது ஓடுவது பத்தாவது நோட்டு. நடுவில் நோட்டில் எழுதாத நான்கு வருடமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், ஏன் நின்றுபோகிறது? உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. "ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம் விமர்சனம், சாப்பாட்டுக்கு ஐந்து நட்சத்திரத்தில் மார்க்" என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு யாரால் விமர்சனம் எழுத முடியும்? மார்க் போடுவதும் ஒரு வாரத்தில் சலித்துவிடும். நம் கைச்சமையலுக்கு நாமே போடும் மார்க் எப்படியும் மூன்றிலிருந்து நான்குக்குள்தான் நிற்கும். ஒரு வருடம் கழித்துப் புரட்டினால் "தீயல், மூன்றரை" என்பதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

நான் மார்க் போடுவதில்லை. மீதியை எழுதுகிறேன். சட்டியில் எவ்வளவு மீந்தது, புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் நின்றேன், இவ்வளவுதான். "அவியல், ஒரு கிண்ணம் மீதி" என்பதில் யாருக்கும் பொய் சொல்ல வராது. "நாவல், 84ஆம் பக்கம், அப்புறம் எடுக்கவில்லை" என்பதும் அப்படித்தான்.

இதை நூலகத்தில்தான் கற்றுக்கொண்டேன். நூலகப் புத்தகத்தின் கடைசியில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அதில் ஒரு முத்திரை விழும். எந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்று அந்தச் சீட்டு சொல்லாது. எது போனது, எது அலமாரியிலேயே கிடந்தது என்று சொல்லும். விருது வாங்கிய புத்தகத்தில் இரண்டே முத்திரை இருக்கும். தையல் கற்றுக்கொள்ளும் புத்தகத்தில் சீட்டு நிறைந்து அதன்மேல் இன்னொன்று ஒட்டியிருக்கும். புதிதாக எதை வாங்கப் பரிந்துரைக்கலாம் என்று பார்க்க எனக்கு அந்தச் சீட்டுகள் உதவின அளவுக்கு எந்த மதிப்புரையும் உதவியதில்லை.

சரி, எதில் எழுதுவது? தேதி அச்சடித்த டைரி வேண்டாம். நான்கு நாள் எழுதாவிட்டால் அந்த நான்கு வெள்ளைப் பக்கங்களும் நம்மை முறைத்துப் பார்க்கும். அதோடு மூடி வைத்துவிடுவோம். 192 பக்க நீள நோட்டு போதும். விரித்தால் இடப்பக்கம் ஒரு வாரத்துச் சாப்பாடு, நாளுக்கு இரண்டு வரி. வலப்பக்கம் அந்த வாரத்துப் புத்தகம். இப்படி எழுதினால் ஒரு நோட்டு 96 வாரம் வரும். ஒரு வாரம் எழுதவில்லையா, அடுத்த வாரத்தை அடுத்த பக்கத்திலேயே தொடங்கலாம். விட்டது யாருக்கும் தெரியாது, நோட்டும் கோபித்துக்கொள்ளாது.

நோட்டை அடுக்களையில் வைக்காதீர்கள். என் முதல் நோட்டு முழுக்க தேங்காய் எண்ணெயும் மஞ்சளும்தான். ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்களில் ஈரக்கை பட்டு பாதி அழிந்துபோய்விட்டது. பால்பாயின்ட் பேனா போதும். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. சுவரை ஒட்டி வைத்த காகிதம் ஓதம் பிடித்துவிடும், வெள்ளிப்பூச்சியும் வந்துவிடும். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, காற்றாடுகிற தட்டில் வையுங்கள்.

ஆனால் நோட்டு வேறு அறையில் இருந்தால் மறந்துபோகுமே என்பீர்கள். மறக்கும். அதற்கு நம் வீடுகளில் ஏற்கனவே ஒரு வழி இருக்கிறது: பால் கணக்கு. அடுக்களைச் சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில் "1", "½" என்று பென்சிலில் எழுதுகிறோமே, அதே கட்டத்தில் சாப்பாட்டையும் இரண்டு சொல்லில் கிறுக்கி வையுங்கள். "தோசை. மீதி 0." ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே நோட்டில் எடுத்து எழுதினால் பத்து நிமிடம் ஆகும். பழகிப்போன ஒரு வேலையின் முதுகில் புது வேலையை ஏற்றிவிட்டால் அது தானாக நடக்கும்.

போனில் எழுதுவதற்கு நான் எதிரி இல்லை. இடையில் நான்கு வருடம் போனில்தான் எழுதினேன். அது ஒரு இலவசச் செயலி, பெயர் வேண்டாம். ஒருநாள் திறந்தால் சேவை நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. முன்பே அறிவிப்பு அனுப்பினார்களாம், நான் பார்க்கவில்லை. நான்கு வருடமும் போனதுதான். ஆகவே போன் என்றால் சாதாரண விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) எழுதுங்கள், மாதம் ஒருமுறை பிரதி எடுத்துக் கணினியிலோ பென்டிரைவிலோ போட்டு வையுங்கள். தேதியை 2025-06-14 என்று வருடம் முன்னால் வரும்படி எழுதினால் எந்த இடத்தில் கொண்டுபோய்ப் போட்டாலும் வரிசை குலையாது.

படித்த புத்தகங்களைப் பட்டியல் போட்டு வைக்கும் குட்ரீட்ஸ் இணையதளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2007 தொடக்கத்திலிருந்து நடக்கிறது, 2013இல் அமேசான் வாங்கியது. நம் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு, அது நல்ல விஷயம். தமிழ்ப் புத்தகங்களில்தான் குழப்பம். ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக என்று கிடக்கும். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் என்கிற அடையாள எண்ணே இருக்காது, அதனால் தேடிச் சரிபார்க்கவும் முடியாது. அதோடு நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்று மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால் எழுதுகிற தோரணையே மாறிவிடும்.

இப்போது ஒரு நூலகரின் வேலையைச் சொல்கிறேன், இதைச் செய்யாவிட்டால் மூன்றாவது வருடத்தில் வருந்துவீர்கள். பெயர் ஒழுங்கு. நூலக அட்டவணையில் "பார்க்க" அட்டை என்று ஒன்று உண்டு. பசுவய்யா என்று தேடினால் "சுந்தர ராமசாமி, பார்க்க" என்று இருக்கும். நாகர்கோவிலில் வாழ்ந்த அவர் கவிதைக்கு ஒரு பெயரும் கதைக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். புதுமைப்பித்தனுக்கும் விருத்தாசலத்துக்கும் இதே கதைதான். அந்த ஒரு அட்டை இல்லாவிட்டால் ஒரே ஆள் அலமாரியில் இரண்டாகப் பிரிந்துபோவார்.

அடுக்களையில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம், அதுவும் கேரள எல்லையில் இருக்கிற நம் மாவட்டத்தில். சாளை என்பேன், உங்கள் மாமியார் மத்தி என்பார். மரச்சீனி, மரவள்ளி, கப்பை மூன்றும் ஒன்று. சக்கையும் பலாவும் ஒன்று. நல்லமிளகு என்று ஒருநாளும் மிளகு என்று ஒருநாளும் எழுதியிருப்பீர்கள். பிறகு "போன வருடம் மத்தி எத்தனை தடவை வாங்கினோம்" என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள்: மத்தி, பார்க்க சாளை. கப்பை, பார்க்க மரச்சீனி. எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம், ஒன்றாக இருந்தால் சரி.

எண்ணிக்கையிலும் ஒரு முடிவு முதலிலேயே எடுத்துவிடுங்கள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அதை ஒன்று என்று எண்ணுவதா, ஐந்து என்று எண்ணுவதா? ஜெயமோகனின் வெண்முரசு வரிசை 26 நாவல். அதை ஒன்று என்று எழுதினால் வாசகரின் வயிறு எரியும். தனி அட்டை போட்டு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் நான் ஒன்று என்று எண்ணுகிறேன். திரும்பப் படித்ததற்குப் பக்கத்தில் "மறு" என்று போடுகிறேன். பாதியில் விட்டதற்கும் ஒரு வரி உண்டு, எண் கிடையாது. வருடத்துக்கு நூறு புத்தகம் என்று இலக்கு வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் ஒல்லியான புத்தகமாகத் தேடிக்கொண்டு நூலகத்துக்கு வருவார்கள்.

என்னவெல்லாம் எழுதுவது? சாப்பாட்டுக்கு: என்ன, யார் யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு மீதி. புதிதாக ஒன்று செய்தால் அளவு. அளவை நம் வீட்டு அளவிலேயே எழுதுங்கள், அரைமுறி தேங்காய், ஒரு நாழி அரிசி என்று. கிராமில் எழுதினால் யாரும் தராசு எடுக்கப்போவதில்லை. சென்னையில் இருக்கிற என் மகள் மாதம் ஒரு தடவையாவது கூப்பிடுவாள். "அப்பா, அன்னைக்கு உள்ளித்தீயல் வச்சீங்களே, தேங்காய் எவ்வளவு வறுத்தீங்க?" நோட்டைப் பார்த்துச் சொல்வேன்: அரைமுறி, மூன்று பேருக்கு, மீதி இல்லை. "மீதி இல்லை" என்பதைக் கேட்டால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்.

புத்தகத்துக்கு: தொடங்கிய நாள், முடித்த அல்லது விட்ட நாள், எங்கிருந்து வந்தது, மனதில் நின்ற ஒரே ஒரு வரியின் பக்க எண். வரியை எழுத வேண்டாம், பக்க எண் போதும். அப்புறம் யாருக்குக் கொடுத்தது. இதற்கு ஒரு தனிக் கட்டமே போட்டு வையுங்கள். சக்கை எரிசேரி போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தூக்குவாளி வெறுமனே திரும்பாது, நாலு மட்டிப் பழமாவது உள்ளே இருக்கும். புத்தகத்துக்கு அப்படி ஒரு மரியாதையை நம் ஊரில் யாரும் ஏற்படுத்தவில்லை. என் நோட்டில் 2009இல் கொடுத்த ஒரு புத்தகம் இன்னும் "வரவில்லை" என்றே நிற்கிறது. வாங்கிப்போனவரை வாரம் ஒரு தடவை தக்கலைச் சந்தையில் பார்க்கிறேன்.

இரண்டையும் ஒரே நோட்டில் எழுதலாமா என்பதற்கு என் பதில்: ஒரே விரிப்பில் எழுதுங்கள். தனித்தனியாக வைத்திருந்தால் எனக்குத் தெரியவே தெரியாமல் போயிருக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன. நான் தடித்த நாவல் படிக்கிற வாரங்களில் இடப்பக்கத்தில் தோசை, தோசை, தோசை என்று இருக்கிறது. அதுவும் திங்கள் அரைத்த மாவு வியாழன்வரை ஓடியிருக்கிறது. கவிதை படிக்கிற வாரத்தில் புளிசேரியும் துவரனும் வருகிறது. என் மனைவி இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, நூலகத்திலிருந்து பெரிய புத்தகத்தோடு வந்தால் "அப்போ இந்த வாரமும் தோசைதானா" என்பாள்.

இன்னொன்று கடல். என் இடப்பக்கங்களில் வருடாவருடம் ஒரு காலத்தில் மீன் சுருங்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு. நாட்டுப்படகில் போகிற வள்ளக்காரர்கள் கொண்டுவருகிற சாளையும் நெத்திலியும் கிடைக்கும், அதுவும் கடல் அனுமதித்தால். அந்த வாரங்களில் என் நோட்டில் கருவாடும் சக்கையும் பயறு கஞ்சியும்தான். வெளியே மழை, மீன் வாங்க ஓட வேண்டிய வேலை இல்லை, வலப்பக்கம் நிறைந்திருக்கும். நான் அதிகம் படிக்கிற மாதம் ஜூன் என்பது இப்படித்தான் தெரிந்தது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் நாள். என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "கறண்டு இல்லை. கஞ்சி, சிறுபயறு, சுட்ட கருவாடு. மீதி இல்லை. புத்தகம்: மெழுகுவத்தியில் 12 பக்கம்." அடுத்த நாள்களில் இடப்பக்கம் கஞ்சி, கஞ்சி என்றே போகிறது, வலப்பக்கம் காலி. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் இருந்த நாள்கள் அவை. யாருக்குப் படிக்க மனம் வந்தது? அந்தக் காலி இடத்தை நான் பிறகு நிரப்பவில்லை.

உடம்புக்கும் இது உதவியது. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தபோது மருத்துவர், ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். "ஏதோ கொஞ்சம்" என்று சொல்ல வாய் வந்தது. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாரத்தில் மூன்று ராத்திரி மயக்கின, அதாவது வேகவைத்து மசித்த, மரச்சீனி. 100 கிராம் பச்சைக் கிழங்கில் 38 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். இப்போது வாரம் ஒரு தடவை, சாளைக் குழம்போடு, சின்னத் தட்டில்.

நான் கிழங்கைக்கூட எழுதி வைப்பதைப் பார்த்து என் அம்மை சிரித்தாள். "தின்னதையுமா மக்கா எழுதி வைப்பாங்க?" 1942இல் பர்மா அரிசி நின்றபோது அவள் ஆறு வயதுப் பிள்ளை. ராத்திரிக்குக் கிழங்கு கிடைத்தால் அதுவே பெரிது என்று இருந்த வீடு. தினமும் ஒன்றேயாக இருப்பதை எதற்கு எழுதுவது என்பது அவள் கேள்வி. எனக்கு அப்போது பதில் வரவில்லை. அவள் போன பிறகு, அவள் என்னென்ன சமைத்தாள் என்று ஒரு பக்கம்கூட எங்கள் வீட்டில் இல்லை. அவளுடைய நெத்திலி அவியலை நாக்கு ஞாபகத்தில் வைத்துத்தான் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மீந்துவிடுகிறது.

பெரியவர்கள் யாராவது இப்படி எழுதினார்களா என்றும் கேட்டீர்கள். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டிபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடிப் பாருங்கள், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆராய்ந்தவை. அது குடும்பமும் நாடும் சேர்ந்த கணக்கு வழக்கு. நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானவர் சார்லஸ் டார்வின். 1838 முதல் 1860 வரை, படித்த புத்தகம், படிக்க வேண்டிய புத்தகம் என்று நோட்டில் பட்டியல் எழுதினார். அவர் மனைவி எம்மாவிடம் சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருந்தது. அதில் அரிசி வேகவைப்பது எப்படி என்று ஒரு குறிப்பு டார்வினின் கையெழுத்திலேயே இருக்கிறது. உயிரினங்களின் தோற்றத்தை எழுதியவருக்கும் சோற்றுப் பதம் எழுதி வைக்க வேண்டியிருந்திருக்கிறது. அந்த நோட்டில் மீதிக் கணக்கு இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எழுதியதைத் திரும்பப் படிக்காவிட்டால் இதெல்லாம் வெறும் கிறுக்கல். நான் ஜனவரியில் படிப்பதில்லை. சித்திரை விஷு அன்று கனி கண்டு, சாப்பிட்டு முடித்து, மத்தியானம் படுத்துக்கொண்டே வருடம் முழுவதையும் புரட்டுவேன். ஒரு மணி நேரம் போதும். இரண்டு முறைக்குமேல் நிறைய மீந்த கறியின் கீழ் கோடு போடுவேன், அதை இனி குறைத்துச் செய்ய. ஐம்பது பக்கத்துக்குள் விட்ட புத்தகங்களைத் தனியாக எழுதுவேன். அவற்றில் ஒன்றை மறுபடி எடுத்துப் பார்ப்பது உண்டு, நாலைந்து வருடம் கழித்து முடித்தவையும் இருக்கின்றன.

கடைசியாக, கணவர் படித்தால் சங்கடமா என்ற கேள்வி. படிக்க விடுங்கள், முடிந்தால் எழுதவும் விடுங்கள். நாட்குறிப்பு வேறு, இது வேறு. இதில் மறைக்க என்ன இருக்கிறது, தோசையா? எங்கள் வீட்டில் மனைவிக்குச் சிவப்புப் பேனா. மருத்துவமனையில் எழுதிப் பழகிய கை, நேரம் உட்படப் போட்டுவிடுவாள். "8.50, உப்பு இல்லை." "9.10, ஆறிப்போனது." போன வியாழன் அயலை மீனில் புளிமுளம், அதாவது புளிவிட்ட குழம்பு, வைத்தேன். சட்டி காலி. நோட்டில் "மீதி இல்லை" என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கீழே சிவப்பில் இருக்கிறது: "9.25. புளி கூடிப்போச்சு. மத்தியானம் சாப்பிட நேரமில்லை, அதான் மீதி இல்லை."